தலை கிடைக்காத டைனோசார்

உங்கள் பள்ளி நூலகத்தில் டைனோசார்களைப் பற்றிய படப் புத்தகம் ஏதேனும் இருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வாத்து மூக்கு டைனோசார் என்ற பெயரோடு ஒரு விலங்கு அநேகமாக அதில் இருக்கும். தட்டையாக நீண்ட முகவாய், தூண் போன்ற பின்னங்கால்கள், பருத்த வால், பக்கத்தில் ஒரு குட்டை, பின்னால் புகை விடும் எரிமலை. ஒவ்வொரு கோடும் அழுத்தமாக, உறுதியாக வரையப்பட்டிருக்கும். ஓவியர் அந்த விலங்கை நேரில் கண்டு, அது அசையாமல் நின்ற வேளையில் வரைந்து முடித்துவிட்டு வந்தாரோ என்று தோன்றும்.

அந்தப் படத்தில் எது எலும்பாகக் கிடைத்தது, எது ஊகித்து வரையப்பட்டது என்று எங்கேனும் குறித்திருக்கிறார்களா? பெரும்பாலும் இராது. இது சரியல்ல என்பது என் கருத்து. ஒரு சின்னக் குறிப்புக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வாத்து மூக்கு டைனோசார்களின் குடும்பத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ஒரு விலங்கின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் மண்ணை வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள் அல்லவா? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து உழவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அங்கே நிலத்தடியில் கிடைக்கும் ஒருவகைக் களிமண்ணுக்கு மார்ல் என்று பெயர். அது பயிருக்கு நல்ல உரம். ஹாடன்பீல்டு என்ற ஊரில் ஜான் ஹாப்கின்ஸ் என்பவரின் பண்ணையில், 1838-ஆம் ஆண்டு வாக்கில் மார்ல் வெட்டியபோது பெரிய பெரிய எலும்புகள் வந்தன. அவற்றுள் முதுகெலும்புகள் இருந்தன. ஹாப்கின்ஸ் அவற்றை வீட்டில் வைத்துக்கொண்டார். வந்து பார்த்த விருந்தாளிகள் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை.

அவர்மேல் கோபப்பட வேண்டாம். டைனோசார் என்ற சொல்லே 1842-இல்தான் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஓவனால் உருவாக்கப்பட்டது. 1838-இல் ஓர் உழவருக்கு அந்த எலும்புகள் வெறும் வேடிக்கைப் பொருள்கள்தாம்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. பிலடெல்பியா நகரத்து வழக்கறிஞர் வில்லியம் பார்க்கர் ஃபோக் என்பவர் 1858-இல் ஹாடன்பீல்டில் தங்கியிருந்தார். நிலவியலில் ஆர்வமுள்ளவர், பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். ஹாப்கின்ஸின் வீட்டில் பேச்சோடு பேச்சாக எலும்புக் கதையைக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. இருபதாண்டுப் புதர் மண்டிக் கிடந்த பழைய பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மார்ல் வெட்டும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தித் தோண்டச் செய்தார். ஏறத்தாழ பத்து அடி ஆழத்தில் கருமையான, இரும்புச் சத்து ஏறிக் கனத்துப்போன எலும்புகள் கிடைத்தன. கூடவே கடல் சிப்பிகள். உடனே உடற்கூற்றியல் பேராசிரியர் ஜோசப் லெய்டிக்குச் செய்தி போயிற்று.

லெய்டியின் கைக்கு வந்தவை எவை என்பதைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள். முதுகெலும்புகளும் வால் எலும்புகளும் பல. முன்கால் எலும்புகள் சில. இடுப்பெலும்பின் பகுதிகள். ஒரு தொடை எலும்பு, அதன் கீழுள்ள கால் எலும்புகள், பாத எலும்புகள் சில. பற்கள் சில, தாடையின் சிறு துண்டுகள். அவ்வளவுதான். மண்டை ஓடு இல்லை. அன்றும் இல்லை, பிறகு இன்றுவரையும் கிடைக்கவில்லை.

இவ்வளவை வைத்துக்கொண்டு லெய்டி செய்த வேலை அழகானது. பற்களின் தேய்மானத்தைப் பார்த்தார். இலை தழை மென்ற பற்கள் என்று கண்டார். இங்கிலாந்தில் முன்பே கிடைத்திருந்த இகுவானோடான் என்ற தாவர உண்ணியின் பற்களோடு ஒப்பிட்டார், உறவு தெரிந்தது. தொடை எலும்பு ஒரு மீட்டருக்கும் மேலே. தோளிலிருந்து தொங்கும் எலும்போ அதில் ஏறத்தாழ பாதிதான். முன்கால் இத்தனை சிறிதாகவும் பின்கால் இத்தனை பெரிதாகவும் இருந்தால் அந்த விலங்கு நான்கு காலில் பல்லிபோல நடந்திருக்குமா? கங்காருவைப் போலப் பின்னங்கால்களிலும் வாலிலும் பாரத்தைத் தாங்கி நிமிர்ந்திருக்கலாம் என்றார் லெய்டி. சிப்பிகள் கிடைத்ததைக் கொண்டு, ஆற்று வெள்ளம் பிணத்தைக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். அதே ஆண்டு ஹாட்ரோசாரஸ் ஃபோக்கியை என்று பெயரிட்டார். பருத்த பல்லி என்பது முதற்சொல்லின் பொருள். இரண்டாவது சொல் தோண்டியவருக்கு நன்றி.

லெய்டி சொன்னதில் ஒரு சொல் முக்கியம்: நிமிர்ந்திருக்கலாம். அந்த ‘லாம்’ என்ற ஈற்றை மறந்துவிடாதீர்கள். நம் கதையில் தொலைந்துபோகப் போவது அதுதான்.

பத்தாண்டு கழித்து, 1868-இல், பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி பிலடெல்பியாவுக்கு வந்தார். இவர் பெரிய கலைஞர். லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் பூங்காவில் 1854-இல் திறக்கப்பட்ட டைனோசார் சிலைகள் இவர் கைவண்ணம். இன்றும் அவை அங்கே நிற்கின்றன. அவற்றில் இகுவானோடான், காண்டாமிருகத்தைப் போல நான்கு கால்களில் நின்று, மூக்கின்மேல் ஒரு கொம்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அது கொம்பே அல்ல, கட்டைவிரலின் கூர்முள். பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் 1878-இல் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் முள் மூக்கிலிருந்து கைக்கு இறங்கியது!

நான்கு காலில் இகுவானோடானை நிறுத்திய அதே கைகள், லெய்டியின் எலும்புகளைப் பார்த்ததும் ஹாட்ரோசாரஸை இரண்டு காலில் நிறுத்தின. அதுவரை உலகில் எங்குமே ஒரு டைனோசாரின் எலும்புக்கூடு கூட்டி நிறுத்தப்பட்டதில்லை. இதுவே முதல். கிடைக்காத எலும்புகளை ஹாக்கின்ஸ் பாரிஸ் சாந்தால் செய்தார். ஒரு பக்கத்துக் கால் இருந்தால் அதன் கண்ணாடி பிம்பமாக மறு பக்கம் செய்துவிடலாம். இதில் பிழை அதிகம் நேராது. தலைக்கு என்ன செய்வது? இக்காலத்து இகுவானா ஓணானின் தலையை மாதிரியாகக் கொண்டு ஒரு பெரிய தலையைச் செய்து பொருத்தினார். வால் தரையில் ஊன்றியது. விலங்கு கங்காருவைப் போல நிமிர்ந்து, ஒரு மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றது.

கூட்டம் அலைமோதியது. இயற்கை அறிவியல் கழகத்தின் கட்டடம் தாங்கவில்லை; 1876-இல் பெரிய கட்டடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. வாஷிங்டனுக்கும் பிரின்ஸ்டனுக்கும், கடல் கடந்து எடின்பரோவுக்கும் இதன் வார்ப்புகள் போயின. பல ஆண்டுகள் உலகம் கண்ட ஒரே டைனோசார் எலும்புக்கூடு இதுதான்.

இங்கேதான் நான் சொல்லவந்த செய்தி இருக்கிறது. லெய்டியின் வாயிலிருந்து வரும்போது அது ஊகம். சாந்தில் வார்த்து நிறுத்தியபோது அது உருவம். சாந்துக்கு ‘இருக்கலாம்’ என்று சொல்லத் தெரியாது. பார்க்க வந்தவர் கண்ணுக்கு எலும்பும் ஒன்றுதான், சாந்தும் ஒன்றுதான், ஓணான் தலையும் ஒன்றுதான். டைனோசார் என்றால் கங்காருபோல நிமிர்ந்து வாலை ஊன்றி நிற்பது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அது அழியவில்லை. பெர்னிசாரின் இகுவானோடான்களை லூயி டோலோ என்ற அறிஞர் பிரஸ்ஸல்ஸில் நிறுத்தியபோதும் கங்காருவே மாதிரி. ஆனால் அந்த விலங்குகளின் முதுகையும் வாலையும் எலும்பாக மாறிய தசைநாண்கள் கட்டி இறுக்கியிருந்தன. வால் தடிபோல விறைத்தது, வளையாதது. அதைத் தரைக்கு வளைக்க வேண்டுமானால் ஒடித்துத்தான் வளைக்க வேண்டும் என்று 1980-இல் டேவிட் நார்மன் என்பவர் எடுத்துக்காட்டினார். ஹாட்ரோசார்களுக்கும் அத்தகைய தசைநாண்கள் உண்டு. உடல் தரைக்கு இணையாக, வால் பின்னால் நீட்டியபடி, நான்கு காலிலும் நடந்து, வேண்டும்போது இரண்டு காலிலும் நடந்த விலங்குகள் அவை என்பதே இன்றைய முடிவு.

சரி, வாத்து மூக்கு எங்கிருந்து வந்தது? ஹாட்ரோசாரஸிடமிருந்து இல்லை, அதற்குத்தான் மூக்கே கிடைக்கவில்லையே! அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பின்னர் அதன் உறவினங்களின் முழு மண்டை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் முகவாய் தட்டையாக அகன்று வாத்தின் அலகைப் போல இருந்தது. பல் வரிசைகளின் அமைப்பும் உடலெலும்புகளும் ஒத்துப்போனதால் எல்லாவற்றையும் ஹாட்ரோசார் குடும்பம் என்று ஒன்றாக வகைப்படுத்தினார்கள். ஆக, குடும்பத் தலைவருக்குத் தலை இல்லை. உறவினர்களின் முகத்தைப் பார்த்து அவர் முகத்தை எழுதுகிறோம். இது தவறான முறை அன்று. தாத்தாவின் புகைப்படம் இல்லாத வீட்டில் பெரியப்பாவையும் அத்தையையும் பார்த்துத் தாத்தா இப்படித்தான் இருந்திருப்பார் என்று சொல்வதில்லையா? ஆனால் அப்படி வரைந்த படத்தின் கீழே ‘தாத்தா’ என்று மட்டும் எழுதிவைத்தால், பேரப்பிள்ளைகள் அதைப் புகைப்படமாகவே எண்ணிக்கொள்வார்கள்.

வாத்து என்ற சொல் இன்னொரு தொல்லையையும் இழுத்துவந்தது. 1908-ஆம் ஆண்டுக் கோடையில் வயோமிங் மாநிலத்தில் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் என்ற புதைபடிவ வேட்டைக்காரரும் அவர் மகன்களும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தந்தை உணவுப் பொருள் வாங்கிவர வெளியே போயிருந்தார். தனியே இருந்த இரு மகன்களுக்கும் உருளைக்கிழங்கைத் தவிரச் சாப்பிட வேறொன்றும் இல்லை. அந்த நாட்களில்தான் மூத்தவர் ஜார்ஜ், எட்மான்டோசாரஸ் என்ற ஹாட்ரோசாரைக் கண்டெடுத்தார். அது மல்லாந்து கிடந்தது. எலும்புகளின்மேல் தோலின் சுவடு அப்படியே படிந்திருந்தது! நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கியது. அதன் தலைவர் ஹென்றி ஆஸ்பார்ன் ஆராய்ந்தார். முன்கால் விரல்களுக்கிடையே சதைத் தோல் போல ஏதோ தெரிந்தது. வாத்து மூக்கு ஏற்கெனவே இருக்கிறது. இப்போது வாத்துக் காலும் கிடைத்துவிட்டது! எனவே இது நீந்தும் விலங்கு என்று முடிவாயிற்று. படங்களில் எல்லாம் ஹாட்ரோசார்கள் ஏரிக்குள் இறங்கின. நீர்த்தாவரங்களைத் தின்னும் மந்தமான பிராணிகளாக ஐம்பதாண்டுக் காலம் அங்கேயே நின்றன.

இத்தனைக்கும், ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தார் கண்டெடுத்து ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்கு அனுப்பிய மற்றொரு உடலின் வயிற்றுப் பகுதியில் ஊசியிலை மரத்தின் இலைகளும் சுள்ளிகளும் விதைகளும் இருந்ததாக 1922-லேயே செய்தி வெளியாகியிருந்தது. அவை வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு உள்ளே புகுந்தவையாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. 1964-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் எல்லாச் சான்றுகளையும் மீண்டும் எடுத்துவைத்துக் கேட்டார்: நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக, ஆட்டுக்கல் போல அரைக்கும் வாய், மெத்தென்ற நீர்ப்பாசிக்கு எதற்கு? இறுகிய வால் நீந்துவதற்கு உதவுமா? இது தரையில் மேயும் விலங்கு என்றார். விரலிடைத் தோல் என்று நினைத்தது, நடக்கும்போது பாரம் தாங்கும் சதைத் திண்டு என்பதும் பின்னர் தெளிவாயிற்று. மூக்குக்கூட வாத்தினுடையது போல இல்லை. எலும்பின்மேல் நகம்போன்ற கடினப் பொருளாலான உறை கீழ்நோக்கி வளைந்து, இலைகளைக் கத்தரிக்கும் கருவியாக இருந்தது. பெயரில் மட்டும் வாத்து இன்னும் மிஞ்சியிருக்கிறது.

2025-இல் வந்த செய்தி இதைவிடச் சுவையானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பால் செரினோவும் குழுவினரும் வயோமிங்கின் அதே வட்டாரத்தில் கிடைத்த எட்மான்டோசாரஸ் உடல்களை ஆராய்ந்து, பின்னங்கால்களில் குளம்புகள் இருந்ததை வெளியிட்டார்கள். தோலின்மேல் படிந்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான களிமண் படலம் அந்த வடிவத்தைக் காத்துவைத்திருந்தது. வாத்துக் கால் என்று நாம் சொன்னது மாட்டுக் கால் பக்கம் வந்து நிற்கிறது!

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். அறிஞர்கள் ஊகித்ததை நான் குறை சொல்லவில்லை. ஊகமில்லாமல் புதைபடிவ இயல் ஓர் அடிகூட நகராது. ஹாக்கின்ஸ் ஓணான் தலையை வைத்ததையும் குறை சொல்லமாட்டேன்; தலையற்ற முண்டத்தைப் பார்க்க அத்தனை கூட்டம் வந்திருக்காது. வந்த கூட்டத்தில் எத்தனை சிறுவர்கள் அன்று அறிவியலில் ஆர்வம் கொண்டு திரும்பினார்களோ! நான் கேட்பது வேறு. சாந்து எது, எலும்பு எது என்று தெரியட்டும். கிடைத்த எலும்பை ஒரு நிறத்திலும் செய்து சேர்த்ததை வேறு நிறத்திலும் வைக்கும் அருங்காட்சியகங்கள் உலகில் இருக்கின்றன. நம் கைக்கு வரும் புத்தகங்களும் அப்படிச் செய்யட்டும். கிடைத்ததை முழுக் கோட்டிலும், ஊகித்ததைப் புள்ளிக் கோட்டிலும் வரைவதற்கு அச்சுச் செலவு ஒரு காசுகூட அதிகமாகாது. எந்த ஆண்டின் கருத்து என்று ஓர் எண்ணையும் கீழே போட்டால் இன்னும் நல்லது.

இதைச் சொன்னால் சில பெரியவர்கள் மறுக்கிறார்கள். ‘சின்னப் பிள்ளைகளைக் குழப்பாதீர்கள். முதலில் ஒரு முழுப் படத்தைக் கொடுங்கள். ஐயங்களெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளட்டும்’ என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் கல்லூரியில் புதைபடிவ இயல் படிக்கப் போவதில்லை. பள்ளியில் பார்த்த படம்தான் அவர்களுக்கு ஆயுள் முழுவதற்கும். முப்பது வயதில் அவர்கள் செய்தித்தாளில் ‘டைனோசார் வாலை ஊன்றவில்லை, நீந்தவில்லை, காலில் குளம்பு இருந்தது’ என்று படிப்பார்கள். அப்போது என்ன தோன்றும்? ‘இந்த விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு ஒன்று சொல்வார்கள், இவர்கள் பேச்சை நம்ப முடியாது’ என்றுதானே? டைனோசாரோடு இது நின்றுவிட்டால் பரவாயில்லை. தடுப்பூசியைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் விஞ்ஞானி பேசும்போது அதே அலட்சியம் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையில் மாறியது எது? லெய்டி அளந்த தொடை எலும்பு மாறவில்லை. பற்கள் மாறவில்லை. தாவர உண்ணி என்ற முடிவும், முன்கால் சிறிது பின்கால் பெரிது என்ற அளவும் 1858-இல் இருந்தபடியே இருக்கின்றன. மாறியவை எல்லாம் சாந்தால் செய்தவையும், இருப்பதற்குப் பொருள் சொன்னவையும்தான். இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள முடியாதா? கிரிக்கெட் ஆட்டத்தில் எடுத்த ஓட்டம் எது, எடுக்கப் போவதாக வர்ணனையாளர் கணிக்கும் ஓட்டம் எது என்று பிரித்தறியும் பிள்ளைக்கு இது ஒரு பாரமா?

கிடைக்காததைக் கிடைக்காதது என்று காட்டுவதால் இன்னொரு பலனும் உண்டு. வெற்றிடம் தெரிந்தால்தான் அதை நிரப்ப ஒருவர் புறப்படுவார். 2013-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கிடைத்த ஓர் எட்மான்டோசாரஸின் தலையில் சேவலின் கொண்டைபோலச் சதைக் கொண்டை இருந்தது தெரியவந்தது. நூறாண்டுக்கு மேலாக இந்த விலங்கின் மண்டை ஓட்டைப் பார்த்துவந்தவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. சதை எப்போதும் எலும்பில் அடையாளம் வைப்பதில்லை அல்லவா? அதுவரை வந்த படங்களில் தலையின் மேற்கோடு வழுவழுப்பாக, உறுதியாக இருந்தது. அங்கே ஒரு புள்ளிக் கோடு இருந்திருந்தால் எத்தனை கண்கள் முன்பே அந்த இடத்தைத் துருவிப் பார்த்திருக்கும்!

ஹாடன்பீல்டு மக்கள் தங்கள் டைனோசாரை மறக்கவில்லை. 1984-இல் ஒரு சாரணச் சிறுவனின் முயற்சியால் அந்தப் பழைய பள்ளத்தருகே நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1991-இல் ஹாட்ரோசாரஸ், நியூ ஜெர்சி மாநிலத்தின் டைனோசாராக அறிவிக்கப்பட்டது. 2003-இல் ஊர் நடுவே ஒரு சிலையும் வைத்தார்கள். சிலைக்குத் தலை இருக்கிறது, வேறு வழியில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. அடுத்த முறை வாத்து மூக்கு டைனோசாரை வரையச் சொன்னால், ஹாட்ரோசாரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் முதுகையும் வாலையும் பேனாவால் வரையுங்கள். தலையை மட்டும் பென்சிலால், புள்ளி புள்ளியாக. ‘ஏன் தலையை முடிக்கவில்லை?’ என்று ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்க வந்தால், 1858-இல் லெய்டியின் மேசைமேல் இருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுங்கள்.